ரேஸ் வழக்கும் நம் பிள்ளைகளும்

(மணலூர்பேட்டையில் இளைஞர்களும் மாணவர்களும் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல் எழுதப்பட்டது.)



'தலித் இளைஞர்களும் சட்டமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். ரோட்டில் பைக் ரேஸ் விட்டதாகப் போலீஸ் போடுகிற வழக்கு. ஒரு சலான் சீட்டில் தொடங்குகிற அந்த வழக்கு எங்கெல்லாம் போகிறது, யார் தலையில் போய் விடிகிறது என்பதுதான் என் பேச்சு.

பஞ்சமி நிலம், இடஒதுக்கீடு, வன்கொடுமை என்று பேச வேண்டிய மேடையில் பைக் ரேஸா என்று சில தோழர்களுக்குத் தோன்றலாம். ஆனால் நம் சேரியில் பதினேழு வயசிலிருந்து இருபத்தைந்து வயசு வரைக்கும் உள்ள ஒரு பையனை எடுத்துக்கங்க. அவனுக்கு முன்னால் அரசாங்கம் முதன்முதலாக வந்து நிற்பது பெரும்பாலும் கலெக்டர் ஆபீசிலோ கோர்ட்டிலோ இல்லை. ரோட்டோரத்தில் வண்டிச் சாவியைப் பிடுங்குகிற கையாகத்தான் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதில் அவனுடைய அடுத்த பத்து வருஷம் இருக்கிறது. அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் சாலையைப் பற்றி. சாலை நமக்குச் சும்மா கிடைத்தது கிடையாது. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கினார். நம் மக்கள் கால் வைக்கக் கூடாது என்றிருந்த பொதுச் சாலையில் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். மறித்தவர்களை எதிர்த்து நின்றார். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எதுவும் எந்தச் சாதிக்காரனுக்கும் மூடப்பட்டதல்ல என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறிய பிறகும், ஊர்த்தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன அப்பாக்களும் தாத்தாக்களும் தமிழ்நாட்டில் இருந்தார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். இது கதை இல்லை. இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களைக் கேட்டுப் பாருங்க.

அது முடிந்துபோன காலம் என்று சொல்ல முடியுமா? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவனைக் கையில் வெட்டினார்கள். புல்லட் ஓட்டினான் என்பதற்காகவே வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அது காரணமில்லை, முன்விரோதம் என்று போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது. காரணத்தைப் பற்றி வாக்குவாதம் இருக்கலாம், அந்தப் பையனின் வெட்டுப்பட்ட கையைப் பற்றி வாக்குவாதம் கிடையாது.

இப்படியெல்லாம் நடக்கிறது என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது அமலுக்கு வந்தது. அதில் 3(1)(இசட்.ஏ) என்று ஒரு பிரிவு. நம் மக்கள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுத்தால் அது வன்கொடுமை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறை, அதோடு அபராதம். யோசிச்சுப் பாருங்க தோழர்களே. ஒரு நாட்டில் ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்பதற்குத் தனியாக ஒரு சட்டப்பிரிவு எழுத வேண்டியிருந்திருக்கிறது. அந்த வரிக்குப் பின்னால் எத்தனை உடைந்த வண்டி, எத்தனை உடைந்த தலை இருக்கும்?

ஆக, வண்டி ஓட்டுவது நம் உரிமை. இதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் இங்கேதான் ஒரு குழப்பம் வருகிறது. நம் பசங்களில் சிலர் சொல்கிறார்கள்: "அவனுங்க தெருவுல நாங்க முறுக்கிக்கிட்டுப் போனாத்தாண்ணே அவனுங்களுக்கு எரியுது." இந்தப் பேச்சில் இருக்கிற ருசி எனக்குப் புரிகிறது. அப்பன் இறங்கித் தள்ளிய தெருவில் மகன் ஆக்சிலேட்டரை முறுக்குகிறான். அதில் ஒரு கலகம் இருப்பது உண்மை. ஆனால் அந்தக் கலகத்தை ரேஸாக மாற்றும் இடத்தில், நம்மைக் காப்பாற்ற ஒரு சட்டம் இருக்கும்போதே நம்மைப் பிடிக்க இன்னொரு சட்டத்தை நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். சாலையில் போவது வேற, ரேஸ் வேற. ஆதிக்க சாதிக்காரனும் போலீசும் இரண்டையும் ஒன்றாகக் கலக்கப் பார்க்கிறான். நாமளும் சேர்ந்து கலக்கக் கூடாது.

சரி, அந்த இன்னொரு சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 189ஆம் பிரிவு. மாநில அரசின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல், பொது இடத்தில், மோட்டார் வண்டிகளுக்கு இடையே பந்தயமோ வேகச் சோதனையோ நடந்தால், அதை நடத்த விடுகிறவனும் குற்றவாளி, அதில் கலந்துகொள்கிறவனும் குற்றவாளி. ஆரம்பத்தில் இதற்குத் தண்டனை ஒரு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019இல் சட்டத்தைத் திருத்தி இதை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று ஏற்றினார்கள். இரண்டாவது தடவை மாட்டினால் ஒரு வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

இதில் ஒவ்வொரு வார்த்தையையும் கவனிக்கணும். 'அரசின் ஒப்புதல் இல்லாமல்.' அப்படியென்றால் ஒப்புதல் இருந்தால்? 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு நாள் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் பொதுச் சாலையை மறித்து, விளக்குப் போட்டு, ராத்திரியில் ஃபார்முலா 4 கார் பந்தயம் நடந்தது. மாநில அரசே முன்னின்று நடத்தியது. அது விளையாட்டு, பெருமை. அங்கே கவசம் உண்டு, தடுப்பு உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. அதனால் அதையும் பாலத்தின்மேல் நடக்கிற ரேசையும் ஒரே தராசில் வைத்து நான் நிறுக்கவில்லை. ஆனால் வேகத்தின் மீதான ஆசை எல்லோருக்கும் ஒன்றுதான். பணம் இருக்கிறவனின் ஆசைக்குச் சாலை ஒதுக்கித் தரப்படுகிறது. இல்லாதவனின் ஆசைக்குச் சலான் எழுதப்படுகிறது. நம் பையனுக்கு ஓட்டிப் பழக ஒரு திடல் இந்த மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று நாம் கேட்கலாம், கேட்கணும்.

அடுத்து, 'வண்டிகளுக்கு இடையே' என்கிற வார்த்தை. ஒரு பையன் தனியாக வேகமாகப் போனால் அது 189 இல்லை. வேகத்துக்கு 183 என்று வேறு பிரிவு இருக்கிறது. ஒற்றைச் சக்கரத்தைத் தூக்கி ஓட்டினால், அடுத்தவர் பயப்படும்படி ஓட்டினால், அது 184, ஆபத்தாக ஓட்டியது. அதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சீட்டில் எந்த எண் எழுதியிருக்கிறது என்று பாருங்க என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். 189 என்று மட்டும் இருந்தால் அதிகாரியிடமே தொகையைக் கட்டி இணக்கமாக முடித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. 184க்கு அந்த வழி ஃபோன் பேசிக்கொண்டே ஓட்டியதற்கு மட்டும்தான். மற்றபடி கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆகணும். 184இல் போலீஸ் கண்முன்னால் ஓட்டினால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யவும் அதிகாரம் உண்டு. இன்னொன்று: எந்தக் குற்றமானாலும் பேரும் விலாசமும் சொல்ல மறுத்தால் அதற்காகவே பிடித்து வைக்கலாம். அதனால் வீரம் காட்டாமல் பேரையும் விலாசத்தையும் சரியாகச் சொல்லிடுங்க.

"ஐயாயிரம்தானே, கட்டிட்டுப் போயிடலாம்" என்கிறான் பையன். கட்டினால் அந்த வழக்கு முடிந்தது, அது சரிதான். ஆனால் 2019 திருத்தம் அதற்குப் பின்னால் ரெண்டு கொக்கி போட்டிருக்கிறது. நீ பணம் கட்டி முடித்தாலும் அது முதல் குற்றமாகக் கணக்கில் இருக்கும். அடுத்த தடவை மாட்டினால் அது இரண்டாவது குற்றம். இது ஒரு கொக்கி. இன்னொன்று லைசென்ஸ். ரேஸ் குற்றம் என்றால் போலீஸ் லைசென்சை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பணும் என்று 206ஆம் பிரிவு சொல்கிறது. பணம் கட்டியதால் இதிலிருந்து தப்பிக்க முடியாது. ஆர்.டி.ஓ. முதல் தடவைக்கு மூன்று மாதம் லைசென்சை நிறுத்தலாம். இரண்டாவது தடவை ரத்தே செய்யலாம்.

லைசென்ஸ் நிறுத்தம் என்றால் பணக்காரப் பையனுக்கு அப்பாவின் டிரைவர் வருவார். நமக்கு? நம் பசங்கள் எத்தனை பேர் லாரி, டிராக்டர், ஷேர் ஆட்டோ, ஜே.சி.பி. ஓட்டிப் பிழைக்கிறார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் சோத்துப் பொட்டலம் முதுகில் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடுகிறவர்கள் எத்தனை பேர். லைசென்ஸ்தான் அவர்களுக்குப் பட்டயம், அதுதான் காணி நிலம். மூன்று மாதம் அது இல்லை என்றால் மூன்று மாதம் அடுப்பு எரியாது. இங்கே ஒரு உரிமையை ஞாபகம் வைத்துக்கங்க. உங்க பக்கத்தைக் கேட்காமல் ஆர்.டி.ஓ. லைசென்சை நிறுத்த முடியாது. நோட்டீஸ் வந்தால் பயந்து வீட்டில் உட்காராமல் நேரில் போய், எழுத்தில் பதில் கொடுக்கணும். உத்தரவு தப்பென்றால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு உண்டு.

இதெல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் மட்டும். போலீஸ் நினைத்தால் இதோடு கிரிமினல் சட்டத்தையும் சேர்க்கலாம். முன்னால் இந்தியத் தண்டனைச் சட்டம் 279 என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281. கண்மூடித்தனமாக ஓட்டியது. ஆறு மாதம் வரை சிறை. இதில் ஜாமீன் சுலபம். ஆனால் சென்னையில் ரேஸ் வழக்குகளில் பழைய 308ஐயும் போட்டார்கள். கொலைக்குற்றம் ஆகாத மரணத்தை விளைவிக்க முயன்றான் என்பது அதன் பொருள். புதுச் சட்டத்தில் அது 110. அதில் போலீஸ் ஸ்டேஷனில் ஜாமீன் கிடையாது. பையன் ஜெயிலுக்குப் போவான். யாராவது செத்துப்போனால் 106. ஐந்து வருஷம் வரை சிறை.

யூடியூபில் லட்சக்கணக்கான பேர் பின்னால் போன டி.டி.எஃப். வாசனை உங்களுக்குத் தெரியும். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்தில் நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்தார். கைதானார். சென்னை உயர்நீதிமன்றம் அக்டோபரில் ஜாமீன் மறுத்தது. நாற்பது நாளுக்கு மேல் உள்ளே இருந்தார். லைசென்ஸ் 2033 அக்டோபர் வரைக்கும் ரத்து. அவருக்கு வக்கீல் இருந்தார், பணம் இருந்தது, பேர் இருந்தது. அவருக்கே இந்தக் கதி. அவர் வீடியோவைப் பார்த்து ஓட்டுகிற நம் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அதற்கு முந்திய வருஷம், 2022இல், ரேஸ் விபத்து வழக்கு ஒன்றில் ஜாமீன் கொடுத்த அதே உயர்நீதிமன்றம், அந்த இளைஞன் ஒரு மாதம் அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் வேலை செய்யணும் என்று நிபந்தனை போட்டது. ஜெயிலைவிட அந்த வார்டு அதிகம் சொல்லிக் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் அம்மா அப்பா இதைக் கட்டாயம் கேளுங்க. 199ஏ என்று ஒரு பிரிவை 2019இல் சேர்த்தார்கள். சின்னப் பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவரோ வண்டிக்குச் சொந்தக்காரரோ குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயசு ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான், நான் தடுத்தேன் என்று நிரூபிக்கிற பொறுப்பு பெற்றவருடையது. நம் வீடுகளில் வண்டி யார் பேரில் இருக்கிறது? பல இடங்களில் அம்மா பேரில். குழுக்கடன் அம்மா பேரில், ரேஷன் கார்டு அம்மா பேரில், வண்டியும் அம்மா பேரில். நடவுக்குப் போய்விட்டு வந்து படுத்திருக்கிற அந்தத் தாய், தான் ஓட்டாத வண்டிக்காகக் கோர்ட்டில் நிற்கணும். ஆம்பளப் பசங்க ஒருத்தனுக்கொருத்தன் ஆம்பளத்தனத்தை நிரூபிக்கிற விளையாட்டுக்குப் பந்தயப் பொருள் யார்? அம்மாதான். இதைத் தலித் பெண்கள் கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா?

பணக்கணக்கையும் பார்த்துவிடலாம். நான் வங்கியில் எழுத்தர். கூட்டல் கழித்தல்தான் என் பிழைப்பு. லைசென்ஸ் இல்லாத பையன், ஹெல்மெட் இல்லை, இன்சூரன்ஸ் முடிந்த வண்டி, ரேஸ். சட்டத்தில் உள்ள தொகையை மட்டும் கூட்டினால் 5,000, 1,000, 2,000, பிறகு ரேசுக்கு 5,000 வரை. மொத்தம் 13,000. சைலன்சரை மாற்றிச் சத்தம் வைத்திருந்தால் அதற்கு 10,000 வரை தனி. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நகைக்கடன் கவுன்ட்டருக்கு வருகிற அம்மாக்களைப் பார்க்கிறவன் நான். காதில் இருந்த தோட்டைக் கழற்றித் தராசில் வைத்துவிட்டு, என்ன செலவுக்கும்மா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். ஆனால் டியூ நிற்காது. மாதாமாதம் கட்டியாகணும். மூன்று தவணை தவறினால் பையனின் கடன் கணக்கு கெட்டுப்போகும். நாளைக்கு ஆட்டோ வாங்கவோ தங்கையின் படிப்புக்கோ கடன் கேட்டு வரும்போது கம்ப்யூட்டர் அதைக் காட்டும். பிடித்த வண்டியை வருஷக்கணக்கில் ஸ்டேஷனில் போட்டுவைக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. வண்டியைத் திருப்பிக் கேட்டு மாஜிஸ்திரேட் முன்னால் மனுப் போடலாம். போடணும்.

விபத்து நடந்தால் கணக்கே மாறிப்போகும். ரேசுக்குப் பயன்படுத்திய வண்டி என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அப்புறம் நஷ்டஈடு வண்டிக்காரன் தலையில். அதாவது அந்த அரை ஏக்கர் மேல், தொகுப்பு வீட்டின் மேல். ஓட்டினவனே செத்தால்? 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஒரு கர்நாடக வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தன் சொந்த அலட்சியத்தால், வேகமாக ஓட்டிச் செத்தவரின் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று. பிள்ளையும் போய், அவன் பேரில் ஒரு பைசாவும் வராது.

படிக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. போலீஸ் வேலை, அரசு வேலைக்குத் தேர்வாகி வரும்போது உன்மேல் வழக்கு இருந்ததா என்று எழுதித் தரச் சொல்வார்கள். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது இதுதான்: உண்மையை எழுது. இள வயசில் நடந்த சின்னக் குற்றமென்றால் நிர்வாகம் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மறைத்து மாட்டினால் வேலையே போகலாம். ஐந்து தலைமுறையில் முதல் அரசு வேலை ஒரு சலானில் அடிபட்டுப் போக நாம் விடலாமா?

இவ்வளவும் நம் பையன் உண்மையிலேயே ரேஸ் விட்டிருந்தால். விடாமலே வழக்கு வந்தால்? ஊர்த்தெருவில் ஒரு பையன் சாதாரணமாகப் போகிறான். அவன் போவதே சிலர் கண்ணுக்கு ரேஸ். "சேரிப் பசங்க ரேஸ் விடுறானுங்க சார்" என்று ஒரு ஃபோன் போதும். அடிக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், சட்டமே அவர்களுக்காக வேலை செய்துவிடும். சாதி இன்றைக்குக் கற்றுக்கொண்டிருக்கிற புது வித்தை இது. இதற்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதில் இருக்கிறது. நம்மேல் பொய்யான, உள்நோக்கம் கொண்ட வழக்குப் போடுவதும், பொய்த் தகவல் கொடுத்து அரசு ஊழியரை நம்மேல் ஏவுவதும் அதே 3(1)இல் குற்றம். கடமையைச் செய்யாத அதிகாரிக்கு 4ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் இந்தப் பிரிவுகளை எடுத்துப் பேச நம் கை சுத்தமாக இருக்கணும். நேற்று ரேஸ் விட்டு அதை ஃபோனில் படம்பிடித்துப் போட்டவன், இன்றைக்குப் பொய் வழக்கு என்று சொன்னால் அந்தப் படத்தையே எடுத்து முன்னால் வைப்பார்கள். அவன் ஒருத்தனோடு அது முடியாது. நாளைக்கு உண்மையாகவே மறிக்கப்பட்டு அடிபட்டு வருகிற பையனிடமும் "நீங்க ரேஸ் விடுற கூட்டம்தானே" என்று கேட்பார்கள்.

அதனால் என்ன செய்யலாம்? லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் மூன்றும் எப்போதும் ஃபோனில் டிஜிலாக்கரில் இருக்கட்டும். சீட்டுக் கொடுத்தால் பிரிவு எண், இடம், நேரம் மூன்றையும் அங்கேயே படிக்கணும். செய்யாத குற்றத்துக்குப் பணம் கட்டக் கூடாது. கட்டினால் ஒத்துக்கொண்டதாகத்தான் கணக்கு. கோர்ட்டுக்குப் போறேன் என்று சொல்ல உரிமை இருக்கிறது. கோர்ட்டுக்குப் பணம் இல்லையே என்று யாரும் சொல்ல வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்படி எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அரசு வக்கீலை இலவசமாக வைத்துத் தரணும். சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்யலாம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற பழங்குடிப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவர்களுக்கும் கொண்டுபோய்ச் சொல்லணும். இந்தக் கூட்டத்தில் இருக்கிற சட்டம் படிக்கிற மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சேரிக்குப் போய் உட்கார்ந்து, பையன்களின் காகிதங்களை வாங்கிப் பார்த்தாலே போதும். பாதி வழக்கு வராமலே போகும்.

கடைசியாக அண்ணல் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1929. பம்பாய் மாகாணத்தில் சாலிஸ்காவ் என்ற ஊர். தீண்டப்படாதவர்களின் குறைகளை விசாரிக்கிற குழுவின் உறுப்பினராக அம்பேத்கர் சுற்றுப்பயணம் போய்விட்டுத் திரும்பும் வழியில் அங்கே இறங்குகிறார். சேரி மக்கள் அவரை அழைத்துப் போகக் குதிரைவண்டி தேடுகிறார்கள். எந்த வண்டிக்காரனும் தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்ட மறுக்கிறான். நம் தலைவரை நடக்கவிட்டு அழைத்துப் போவதா என்று மக்களுக்கு மனசு பொறுக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டுகிறார். கொஞ்ச தூரத்திலேயே ஒரு காரில் மோதத் தெரிந்து தப்புகிறார்கள். பிறகு ஆற்றுப் பாலத்தில் வண்டி அடிபட்டு அம்பேத்கர் கல்லின்மேல் தூக்கி எறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுகின்றன. இதைப் பின்னால் எழுதியபோது, தன் மக்களின் அன்பை அவர் குறைத்துச் சொல்லவில்லை. முதல் குற்றம் ஓட்ட மறுத்தவனின் சாதித் திமிர்தான். ஆனால் மானத்தைக் காப்பாற்றப் போய் உயிரை ஆபத்தில் வைத்துவிட்டார்கள் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

நம் ஊரிலும் ஆறு இருக்கிறது, பாலம் இருக்கிறது. தை மாசம் ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருகிற அன்றைக்கு எத்தனை வண்டி, எத்தனை சனம் என்று உங்களுக்குத் தெரியும். கரும்பு ஆலை ஓடுகிற மாசங்களில் பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள் ராத்திரியில் இந்தச் சாலைகளில் போகும். அந்த இருட்டில் நூறில் போகிற பையனுக்குச் சாதி கிடையாது, அடி மட்டும்தான் உண்டு. செத்தபிறகு சாதி திரும்ப வரும், எந்தச் சுடுகாடு என்று கேட்டுக்கொண்டு.

மானமும் வேணும், உயிரும் வேணும். ஊர்த்தெருவில் வண்டியை விட்டு இறங்காதீங்க. நிமிர்ந்து உட்கார்ந்து, ஹெல்மெட் போட்டு, நாற்பதில் போங்க. மறித்தால் வன்கொடுமைச் சட்டம் நம் பக்கம் நிற்கும், நாமும் நிற்போம். ரேஸ் விட்டு மாட்டினால் அந்தச் சட்டமும் நம் பக்கம் நிற்காது, நாமும் தடுமாறுவோம். அய்யன்காளியின் வண்டி வேகமாகப் போகவில்லை தோழர்களே. போகக் கூடாது என்ற சாலையில் போனது. அதுதான் கணக்கு.

கேள்விகள் இருந்தால் கேளுங்க. சலான் சீட்டு யாரிடமாவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் எடுத்துக்கொண்டு வாங்க, சேர்ந்து படிப்போம். ஜெய்பீம்.